முதுகுப் பக்கம் திறக்கும் பை

என் வீட்டுக்காரருக்குத் தொழில் வட்டாரத்தில் பூட்டு என்று பெயர். கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவருடைய நிஜப் பெயரே தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிற ஆள். போனில் பேசி முடித்த பிறகும், எதிராளி நிஜமாகவே வைத்துவிட்டாரா என்று கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருப்பார். கடைக்காரர் சிரித்துப் பேசினால் இவர் கண் தராசுக்குப் போகும். அவருக்குப் பூட்டு என்று வைத்தவர்கள் கையோடு எனக்குச் சாவி என்று வைத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சாவியை நம்பி அவர் எதையும் ஒப்படைத்தது கிடையாது.

இது பிறவிக் குணம் இல்லை. மீசை முளைக்காத வயதில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாராம். அந்த முதலாளி தினமும் சாயங்காலம் வாசலில் நிறுத்தி, சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாராம். "ஒருநாள்கூட ஒண்ணும் கிடைக்கல. ஆனா ஒருநாள்கூட நிறுத்தல" என்று இவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நல்ல தொழில்காரர், கண்டிப்பானவர் என்று பாராட்டு வேறு. எனக்குத்தான் முகம் தெரியாத அந்த மனுஷன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

நாங்கள் இருவருமாகத்தான் கல்யாணத்துக்குப் போவோம். மேடை அவருக்கு. பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறை, குழந்தைகள், மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அத்தைகள், பந்தி எல்லாம் எனக்கு. ஆளுக்கொரு கேமரா. ஆனால் பை ஒன்றுதான், அது அவரிடம்தான். நின்றால் முதுகில், உட்கார்ந்தால் இரண்டு காலுக்கும் நடுவில். சாப்பிடும்போது மடியில். வந்தவர்களைப் பார்த்து "கேமராவப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் பையைப் பார்ப்பார். எனக்கு வேறு லென்ஸ் வேண்டுமென்றால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவரிடம் போய்க் கையை நீட்ட வேண்டும். எதற்கு, இருப்பது போதாதா, யார் கேட்டார்கள் என்று விசாரணை நடக்கும். அதற்குள் அத்தை கண்ணைத் துடைத்து முடித்து, மூக்குச் சிந்தி, பந்திக்குப் போயிருப்பாள்.

கல்யாண வீட்டில் எல்லோரும் பையைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுகிறார்கள். பை யார் தோளில் இருக்கிறதோ அவர் போட்டோகிராபர். நான் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாலும், "நீங்க அவர்கூட வந்தவங்களா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்கள். எத்தனை கல்யாணத்தில் இதைக் கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் சுருக்கென்றுதான் இருக்கும்.

இந்த நிலையில்தான் ஒரு வீட்டில் என்னை மட்டும் தனியாகக் கேட்டார்கள். பெண்களே கூடும் நிகழ்ச்சி, நான் ஒருத்தி வந்தால் போதும் என்றார்கள். நான் எடுத்த படங்களை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இவரிடம் சொன்னபோது "பாக்கலாம்" என்றார். அந்த "பாக்கலாம்" எனக்குத் தெரியாதா? நான் தனியாகப் போனால் கேமராவும் லென்ஸும் கார்டும் ஒரு பகல் முழுக்க அவர் கண்ணில் படாமல் இருக்கும். அதற்கு அவர் மனசு ஒப்ப வேண்டும். நான் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஆனால் அடுப்படியில், பஸ்ஸில், குளிக்கும்போது, அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பழைய பையின் வார் அறுந்தது. தைக்கிறவரிடம் கொடுத்தால் அவர் பையை என்ன செய்வாரோ என்று பயந்து, புதிதாகவே வாங்குவது என்று முடிவு செய்தார். எனக்கு ஒரு நப்பாசை. என் முதுகுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று வாங்கினால், போகப் போக அது என் முதுகுக்கும் வந்து சேரும் அல்லவா.

கேமரா சாமான் விற்கும் கடையில் அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. கடைக்காரர் சிரித்த முகமாக வந்தார். வந்த சிரிப்பைப் பார்த்ததுமே இவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பக்கவாட்டில் தொங்கும் பையைக் காட்டினார். மூடியைத் தூக்கினால் எல்லாம் கைக்கு வரும், கல்யாணத்துக்கு இதுதான் வசதி என்றார். "நமக்கு வசதின்னா பக்கத்துல நிக்கறவனுக்கும் வசதிதானே" என்றார் இவர். சக்கரம் வைத்த பெட்டி வந்தது. உருட்டிக்கொண்டு ஓடுவதற்குத் தோது என்று தள்ளிவிட்டார். இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டையில் சின்னச் சின்னப் பைகள் வைத்த ஒன்று. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் மாதிரி இருக்கிறதென்று அவரே கழற்றினார்.

எனக்குப் பிடித்தது ஒரு முதுகுப் பை. ஒரு தோளைக் கழற்றி முன்னால் திருப்பினால் பக்கவாட்டில் சின்னக் கதவு மாதிரி திறக்கும். கீழே வைக்காமலே லென்ஸ் மாற்றலாம். போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அப்படியே நில்லு" என்று சொல்லிவிட்டு, பின்னால் இருந்து ஜிப்பை இழுத்து, உள்ளே இருந்த பஞ்சு அட்டையை உருவி எடுத்துக் காட்டினார். "தெரிஞ்சுதா உனக்கு? தெரியல இல்ல?"

அதோடு விடவில்லை. இன்னொரு பையைத் தான் மாட்டிக்கொண்டு, என்னைத் திருடச் சொன்னார். அவர் மேடையில் நிற்பதாக வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் குனிந்து நிமிர, நான் பின்னாலேயே பூனை நடை நடந்து ஜிப்பைத் தேட வேண்டும். நடுவில் கடைக்காரரிடம், ஆளுக்குத் தெரியாமல் எந்தப் பையைச் சுலபமாகத் திறக்கலாம், சத்தம் வராத ஜிப் எது, கத்தியால் கீறினால் எந்தத் துணி தாங்கும் என்று கேள்வி மேல் கேள்வி. கடைக்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை. உள்ளே இருந்து இன்னொரு ஆளைக் கூப்பிட்டு வாசல் பக்கம் நிற்க வைத்திருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவருக்கோ அந்தக் கடைக்காரர் மேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

கடைசியில் இவர் தேர்ந்தெடுத்த பை, முதுகோடு ஒட்டுகிற பக்கத்தில்தான் திறக்கும். வெளிப்பக்கம் மொழுமொழுவென்று சாம்பல் நிறத் துணி, ஒரு ஜிப்கூடக் கிடையாது. மாட்டியிருக்கும்வரை யாராலும் திறக்க முடியாது. மாட்டியிருப்பவராலும் முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றி, கீழே கிடத்தி, சுற்றும் முற்றும் பார்த்துத் திறக்க வேண்டும்.

"இதுல இருந்து லென்ஸ எடுக்கறதுக்குள்ள கல்யாணப் பொண்ணு பிள்ளை பெத்துடுவா" என்றேன்.

"பெத்தா அதையும் எடுப்போம்" என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. நானும் மாட்டிப் பார்த்தேன். பை என் இடுப்புக்குக் கீழே இடித்தது. அவருடைய உயரத்துக்குச் செய்த பை. சொல்லியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது.

அந்தப் பையில் அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. திறந்ததும் மூடியின் உட்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் அறை, மெமரி கார்டு வைக்க. எங்கள் கேமராக்கள் பழையவை, ஒரு சமயத்தில் ஒரு கார்டுதான் போகும். நிறைந்ததை எடுத்துவிட்டுக் காலியானதைப் போட வேண்டும். எது நிறைந்தது, எது காலி என்பதற்குத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. காலிக் கார்டை முகம் தெரிய நிமிர்த்தி வைப்பது, நிறைந்ததைக் கவிழ்த்து வைப்பது. கார்டில் பேனாவால் ஏதாவது எழுதலாமே என்று முன்பே கேட்டிருக்கிறேன். திருடுகிறவனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுப்பதா என்று மறுத்துவிட்டார். இப்போது அந்தப் பிளாஸ்டிக் அறையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "யாரு பாத்தாலும் தெரியுது" என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதுப் பையோடு போன முதல் கல்யாணம் ஒரு நடுத்தரக் குடும்பத்தினுடையது. வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி, கோல் ஊன்றித்தான் நடந்துகொண்டிருந்தார். மகள் கல்யாணத்தில் வாசலிலிருந்து மேடை வரைக்கும் கோல் இல்லாமல் அவள் கையைப் பிடித்து நடப்பதென்று பிடிவாதமாக இருந்தார். அதற்காக வீட்டு வராந்தாவில் தினமும் நடந்து பழகினாராம். நடந்தும் காட்டினார். இவர் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு எடுத்தார். அந்த நேரத்தில் மட்டும் நான் கேமராவைத் தொடுவதில்லை, இவருக்குப் பக்கவாட்டில் விளக்குப் பிடிப்பேன். விருந்தாளிகள் போனில் எடுத்தார்கள், ஒவ்வொன்றிலும் முன்னால் நிற்பவரின் தலைதான்.

அதன்பிறகு குடும்பம் மொத்தத்தையும் நிற்க வைத்து எடுக்க, இவர் ஏணியில் ஏற வேண்டியிருந்தது. முதுகில் பையோடு ஏறினார், ஏணி ஆடியது. மறுபடி ஏறினார், மறுபடி ஆடியது. கீழே இறங்கி, பையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். நாற்காலி அடுக்குகிறவரைப் பார்த்தார். காலையிலிருந்து கேமராவைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே திரிந்த, கோட்டுப் போட்ட தாய்மாமனைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "தோள விட்டு எறக்காத" என்று சொல்லி என்னிடம் கொடுத்தார்.

கனமாகத்தான் இருந்தது. இடுப்பில் இடித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் அந்த மண்டபத்தில் நடந்த நடையே வேறு. ஒரு பாட்டியம்மா என்னிடம் வந்து, "போட்டோக்காரம்மா, எங்களையும் ஒண்ணு எடுங்க" என்றார். பந்தி தொடங்கும்போது என் கார்டு நிறைந்துவிட்டது. ஒரு மூலைக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பையைத் திறந்தேன். கோட்டு மாமா எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்த முகத்தோடு, அப்புறம் வாருங்கள் என்று அனுப்பினேன். நிமிர்ந்திருந்த கார்டு ஒன்றை எடுத்தேன், என் கார்டைக் கவிழ்த்து வைத்தேன். புதிதாகப் போடும் கார்டில் பழைய படம் எதுவும் மிச்சமில்லாதபடி கேமராவில் துடைத்துவிட்டுத்தான் எடுக்க ஆரம்பிப்போம், இருவருக்கும் கைப்பழக்கம். துடைத்தேன். பந்தி முழுவதையும் அதில் எடுத்துத் தள்ளினேன்.

மறுநாள் மத்தியானம் கார்டுகளை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் ஏற்றினார். பெண்ணின் அப்பா நடந்த படங்கள் இல்லை. இன்னொரு முறை பார்த்தார். பையைக் கவிழ்த்து உதறினார். அவர் முகம் சுண்டிப்போனது.

"அந்தக் கோட்டு ஆசாமிதான்" என்றார். காலையிலிருந்தே கண்ணைப் பையின் மேல் வைத்திருந்தான், அவனுக்கும் பெண்ணின் அப்பாவுக்கும் ஏதோ பழைய மனஸ்தாபம் இருக்கும், அதனால்தான் அந்த ஒரு கார்டை மட்டும் எடுத்திருக்கிறான் என்று கிடுகிடுவென்று ஒரு வழக்கே ஜோடித்துவிட்டார். பை என்னிடம் இருந்தபோது யாராவது கிட்டே வந்தார்களா என்று என்னைக் கேட்டார். எட்டிப் பார்த்தார் என்று நானும் சொன்னேன். சொல்லும்போது எனக்கும் அந்த மாமா மேல் சந்தேகம் வந்துவிட்டது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார். செருப்பு மாட்டும்போது எனக்கு என்னவோ தோன்றியது.

"நிறைஞ்ச கார்ட எப்படி வச்சீங்க?"

"நிமித்தி."

"நிமித்தியா?"

"மாத்திட்டேன். திருடறவன் கவுந்ததத்தானே எடுப்பான், காலிய எடுத்துட்டுப் போகட்டும்னு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். நான் காலி என்று துடைத்தது எந்தக் கார்டு என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பேச்சுவாக்குல நீ யார்கிட்டயாவது சொல்லிடுவியோன்னு..."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு மண்டபம் நிறைய ஆட்களைச் சந்தேகப்பட்ட மனுஷன் என்னை அந்த வரிசையில் எங்கே நிற்க வைத்திருக்கிறார் என்று தெரிந்துபோனது. நான் கவிழ்த்து வைத்த கார்டை அவர் காலி என்று எடுத்துத் துடைக்காமல் போனது யார் செய்த புண்ணியமோ. துடைத்த கார்டை மீட்க முடியுமா என்று தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தோம். அதன்மேல் பந்தியை எடுத்திருந்ததால் சாம்பல் கோடுகள்தான் வந்தன.

பெண் வீட்டுக்கு இருவரும் போனோம். மகளும் அன்று அங்கேதான் இருந்தாள். கார்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், நான் தடுக்கவில்லை. அங்கே போய் அப்படியே சொன்னார். அப்பா கோலின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மிஷின்தானே தம்பி, நீங்க என்ன செய்வீங்க" என்றார். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். கோட்டு மாமா கோட்டு இல்லாமல் உள்ளறையிலிருந்து வந்து, தன் போனில் ஏதாவது தேறுமா பாருங்கள் என்று நீட்டினார். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் இவர் நின்றார். "ஏன் ஒண்ணுமே கேக்கல? எனக்கு என்னமோ சரியாப் படல" என்றார்.

"நம்பினாங்க. நிமிந்தது காலின்னு நான் நம்புன மாதிரி" என்றேன்.

அவர் அந்த வீட்டுக்கே திரும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன். மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்து, கார்டு கெடவில்லை, முறையை மாற்றியது நான்தான், மனைவிக்குச் சொல்லவில்லை, அவள் மேல் தப்பில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார். வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது. உண்மையைச் சொன்னால் மனசு இளகிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. அப்பாவின் முகம் இறுகியது.

"அப்ப முதல்ல சொன்னது பொய்யா?" என்றார். "இப்ப சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது? அந்த நேரத்துல படமே எடுக்காம விட்டுட்டு, இப்ப வந்து கார்டு, கவுத்தறது, நிமித்தறதுன்னு கதை சொல்றீங்களா? முன்னால கேமராவோட நடந்தீங்க, சரி. எடுத்தீங்கங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

இவரிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. அவர் வாழ்க்கை முழுக்க மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை இப்போது அவரிடம் கேட்கிறார்கள். பாவமாகவும் இருந்தது, வேண்டும் என்றும் இருந்தது.

"என்ன நம்ப வேணாம்" என்றார் கடைசியில். "இவகிட்ட கேளுங்க. இவ அங்க நின்னா. இவ சொன்னா சரியா இருக்கும்."

எத்தனை வருஷமாக இதைக் கேட்கக் காத்திருந்தேன். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. சாட்சிக்கு வேறு ஆள் இல்லாதபோது, பிறர் வீட்டில் சொல்கிறாரே என்று கோபம்தான் வந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா."

சொன்னேன். "வாசல்ல நீங்க கோலை இந்த மாமாகிட்ட குடுத்தீங்க. குடுத்துட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டீங்க. இவர் உங்களுக்கு முன்னால பின்பக்கமாவே நடந்து எடுத்தார், ஒரு நாற்காலில இடிச்சுக்கிட்டார். நான் உங்க வலது பக்கம் விளக்கு பிடிச்சேன். பாதி வழில நீங்க நின்னுட்டீங்க. பொண்ணு என்னமோ கேட்டா, நீங்க வேணாம்னு தலைய ஆட்டுனீங்க. எல்லாரும் எழுந்து நின்னாங்க, நீங்க யாரையும் பாக்கல, கீழ தரையவே பாத்துக்கிட்டு வந்தீங்க."

"கோலு வேணுமாப்பான்னு கேட்டேன்" என்றாள் பெண்.

அப்பா கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

மேடைப் படியில் மகள் ஏறிய பிறகும் அவர் கையை விடாமல் நின்றது வரைக்கும், எனக்கு ஞாபகம் இருந்ததையெல்லாம் சொன்னேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரும்தான் அங்கே இருந்தார், கேமரா வழியாக என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர். ஒரு இடத்தில்கூட என்னைத் திருத்தவில்லை.